பழைய பெட்ரோல் காரில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

12 ஆண்டு ஓடிய கார், சிக்னலில் நின்றால் உதறுகிறது, இன்ஜின் விளக்கு எரிகிறது, ஒர்க்ஷாப்பில், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தூவும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இதே பேச்சை நானும் கேட்டு, கிட்டத்தட்டத் தலையாட்டியவன்தான்.

என்னுடையது 1.5 லிட்டர் ஜப்பான் வண்டி. சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், பத்து ஆண்டு முடிந்ததும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். ஐந்துக்குப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க வழியில்லை. பத்து ஆண்டைத் தாண்டியதால் சாலை வரியில் கூடுதல் கட்டணம், ஆண்டுதோறும் பரிசோதனை வேறு. நாள் குறிக்கப்பட்ட வண்டியில் தேவையில்லாமல் ஆயிரம் வெள்ளியைப் போட யாருக்கு மனசு வரும்?

அதனால் காரின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர் வாங்கிச் செருகிப் பார்த்தேன். பி0302 என்று காட்டியது. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்பதை அது சொல்லாது. தீப்பொறி உண்டாக்கும் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில், இன்ஜெக்டர் மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். இன்ஜின் ஆறியதும் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டேன். ஆளுக்கு ஒரு போல்ட், பத்து நிமிட வேலை. குறியீட்டை அழித்துவிட்டுப் பொங்கோலிலிருந்து சிராங்கூன் வரை ஓட்டினேன். மூன்றாவது சிலிண்டருக்கான பி0303 வந்தது. கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது! ஒரே ஒரு காயில் வாங்கிப் போட்டேன், உதறல் நின்றது. அன்று இன்ஜெக்டர்களை மாற்றியிருந்தால் பழைய காயில் அப்படியே உட்கார்ந்து சிரித்திருக்கும்.

குறியீடு இடம் மாறவில்லையா? அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் இன்ஜெக்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் சட்டை, கை எதுவும் போய்விடக் கூடாது. வேலை செய்யும் இன்ஜெக்டர் சீராக டிக் டிக் என்று அடிக்கும். ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால் இன்ஜினை நிறுத்தி, இன்ஜெக்டரில் செருகியிருக்கும் வயர் கனெக்டரைக் கழற்றி, இன்ஜெக்டரின் மின்தடையை மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 12 முதல் 16 வரை காட்டும். நான்கும் ஒரே அளவு காட்டினால் வயரையும் கனெக்டரையும் பாருங்கள்.

சரி, நிஜமாகவே இன்ஜெக்டர் கெட்டால் எப்படி இருக்கும்? அதுவும் எனக்கு வந்தது, இரண்டு ஆண்டு கழித்து. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தால் மட்டும் சுற்றிச் சுற்றி இழுக்கும். அப்புறம் ஒரு கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொண்டது. அப்படி அழுத்தும்போது பெரும்பாலான வண்டிகளில் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். பெட்ரோல் வராதபோது ஸ்டார்ட் ஆகிறது என்றால், உள்ளே ஏற்கெனவே அளவுக்கு மேல் தேங்கி நிற்கிறது. எங்கோ கசிகிறது.

சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் நான்கையும் கழற்றிச் சோதனை மேசையில் பூட்டினார். கீழே நான்கு கண்ணாடிக் குழாய்கள். மூன்று குடை விரித்த மாதிரி தூவின. ஒன்று நூல் போல ஊற்றியது. பிறகு தூவலை நிறுத்தி அழுத்தத்தை மட்டும் ஏற்றினார். அந்த ஒன்றின் மூக்கில் மெதுவாக ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. “நாலுல ஒண்ணு அழுவுது பாருங்க தம்பி” என்றார். அல்ட்ராசோனிக் ஒலி அதிர்வில் கழுவிய பிறகு தூவல் திருந்தியது, அழுகை நிற்கவில்லை. அதை மட்டும் மாற்றினோம். மற்ற மூன்றும் சுத்தம் செய்ததோடு சரி. கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ ரிங் எல்லாம் புதிது, இலேசாக இன்ஜின் ஆயில் தடவித்தான் அழுத்தினார். பழைய ஓ ரிங்கைத் திரும்பப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசியும்.

இதை வீட்டுக்குக் கீழே கார் பார்க்கில் நீங்களே கழற்ற வேண்டாம். இன்ஜினை நிறுத்திய பிறகும் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரெயில் குழாயில் அழுத்தம் நிற்கும், வாயைத் திறந்ததும் பீய்ச்சும். உங்கள் வண்டி சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் தூவும் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் கிட்டவே போகாதீர்கள். சாதாரண வண்டியில் 3 பார் அழுத்தம் இருக்கும் இடத்தில் அதில் 100 பாருக்கு மேலும் இருக்கும்.

அடைப்புக்குக் காரணம் ஜோகூர் பெட்ரோல்தான் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பாதி வதந்தி. இன்ஜினை நிறுத்தியதும் அதன் சூட்டில் இன்ஜெக்டர் மூக்கில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மட்டும் மிஞ்சும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது, ஈரச்சந்தைக்கு ஒரு நடை என்று குட்டி ஓட்டமாகவே ஓட்டினால் ஒரு நாளில் நான்கைந்து முறை இது நடக்கிறது. 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் சுத்தமாகும் என்பதும் தப்பு. அந்த எண் இன்ஜின் தட்டாமல் இருப்பதற்கு, கழுவுவதற்கு அல்ல. கழுவ வேண்டுமென்றால் பாலிஈதர் அமீன் என்ற சுத்தம் செய்யும் வேதிப்பொருள் உள்ள திரவம் ஒரு புட்டி, முழுத் தொட்டிக்கு, ஆயில் மாற்றும் முன்னால். இலேசான அடைப்புக்கு அது போதும், சொட்டும் இன்ஜெக்டரை அது காப்பாற்றாது.

இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். நிலையாக எரிகிறதென்றால் காயிலை இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, என்ன எண் வந்தது என்று எழுதுங்கள்.