டிராகுலாவின் கதையில் சிலுவை வெறும் ஆயுதமா?

பழைய இரத்தக் காட்டேரிக் கதைகளில் சிலுவை வெறும் ஆயுதம்தானா, அதற்குச் சமயப் பொருளும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயுதம் என்று மட்டும் கொண்டால், பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’வில் பாதி நமக்குப் பிடிபடாது என்பது என் கருத்து.

1819-இல் வந்த பொலிடோரியின் இரத்தக் காட்டேரிக் கதையில் சிலுவைக்கு வேலையே இல்லை. லெ ஃபானுவின் ‘கார்மில்லா’வில் (1872) சவ ஊர்வலப் பாடலைக் கேட்டு, காட்டேரியான கார்மில்லா காதைப் பொத்திக்கொள்கிறாள், அவ்வளவே. பூசையில் இயேசுவின் உடலாகக் கத்தோலிக்கர் உட்கொள்ளும் நற்கருணை அப்பத்தையே களத்தில் இறக்கியவர், டப்ளினில் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்த ஸ்டோக்கர்.

‘என் மாம்சத்தைப் புசித்து, என் இரத்தத்தைப் பானம்பண்ணுகிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு’ என்கிறார் யோவான் சுவிசேஷத்தில் இயேசு. டிராகுலா தருவதும் இரத்தத்தால் வரும் சாகாமைதான். ஆனால் இயேசு தம் இரத்தத்தைப் பிறருக்காகச் சிந்த, இவன் பிறர் இரத்தத்தில் பிழைக்கிறான். தனக்கு இரையாகும் மீனாவின் படுக்கையறையில் தன் மார்பைக் கீறி, அவள் பிடரியைப் பற்றி முகத்தை அதில் அழுத்திக் குடிக்க வைக்கும்போது, அவளைத் தன் மாம்சத்தின் மாம்சம் என்றும் தன் திராட்சை ஆலை என்றும் அழைக்கிறான்; ஏவாளைக் கண்டு ஆதாம் சொன்ன சொல்லும் பூசையின் திராட்சரசமும் அவன் வாயில் ஒருசேரக் களங்கப்படுகின்றன. பிறகு, அவளைக் காக்கவென்று, டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் நெற்றியில் வைக்கும் அப்பம் பழுக்கக் காய்ச்சிய இரும்பாக அவளைச் சுட்டுவிடுகிறது. ‘தீட்டு’ என்று அவள் அலறுவது, பைபிளின் லேவியராகமம் குஷ்டரோகிக்கு விதித்த கூவல். குற்றமற்றவளையே புனிதப் பொருள் சுடும் இந்த இடத்தில், ஆயுதம் என்ற விளக்கம் நிற்பதில்லை.

வான் ஹெல்சிங் அப்பத்தை நொறுக்கிப் பிசைந்து கல்லறைக் கதவின் இடுக்குகளில் அப்புவதையும், அதற்குத் தம்மிடம் ‘பலன்’ இருப்பதாகச் சொல்வதையும் கத்தோலிக்கர் ஏற்பது கடினம். பலன் (indulgence) என்பது பாவத்துக்குரிய தண்டனையைத் திருச்சபை குறைப்பது. நற்கருணையை இப்படிக் கையாள்வதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. ஸ்டோக்கர் வெளியில் நின்று எழுதியவர் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

ஆனால் மன்னிப்பைப் பற்றி எழுதும்போது அவர் தடுமாறவில்லை. டிராகுலாவின் ஆன்மாவை நரகத்துக்கே அனுப்ப மீனாவின் கணவர் ஜோனத்தன் துடிக்கும்போது, எல்லாரிலும் பரிதாபத்துக்குரியவன் அவன்தான் என்று வாதாடுபவள், அவனால் அதிகம் துன்புற்ற மீனாவே. கடைசியில் அவன் பொடியாகும் கணத்தில் அவன் முகத்தில் அமைதி படர்ந்ததாக எழுதி வைப்பவளும் அவள்தான். இந்த வழக்கில் ஸ்டோக்கர் மீனாவின் பக்கம் தீர்ப்பளித்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.