‘கட் பண்ணா, மழை’

அன்புள்ள ஐயா,

கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடமாக ஒரு சினிமாக் கதை மனதில் ஓடுகிறது. எந்த சாஃப்ட்வேரில் எழுதுவது? ஹாலிவுட் ஸ்டுடியோவுக்கே நேரடியாக அனுப்பலாமா? கம்பெனிகளில் கதை சொன்னால் திருடிவிடுவார்கள் என்கிறார்களே, அதற்கு என்ன பாதுகாப்பு?

(பெயர் வேண்டாம்), கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பி,

சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் ஏஜென்ட் வழியாக வராத ஸ்கிரிப்டைப் பொதுவாகப் பிரிப்பதே இல்லை. ‘என் கதையைத் திருடிவிட்டார்கள்’ என்று நாளைக்கு வழக்கு வரும் என்ற பயம். அங்கே அவர்களுக்கு உங்களைக் கண்டு பயம், இங்கே உங்களுக்கு அவர்களைக் கண்டு.

இந்தத் திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வருடம் என்கிறீர்கள். எத்தனை பக்கம் எழுதினீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் எதைத் திருடுவான்?

புதுப்பாளையத்தில் எனக்கொரு நண்பன் இருந்தான். சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து கதை சொன்னால் சுண்டல் விற்கிற பையனும் தூக்கை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பான். பின்னணி இசையும் இவன் வாயிலேயே வரும். ‘கட் பண்ணா, மழை’ என்பான். எங்களுக்குக் குளிரும். கோடம்பாக்கம் போனான். டிஸ்கஷன் ரூமில் சாப்பாடு, பேட்டா. அவன் சொன்ன இடைவேளைக் காட்சி வேறொருவர் பெயரில் திரைக்கு வந்தது. வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். “எழுதினது எங்கே?” என்றார். டைரியில் நாலு வரி இருந்தது.

பிறகு அவனை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். ‘கட் பண்ணா’ என்று தாண்டிய இடத்தில் எல்லாம் கதையே இல்லை! கதாநாயகி ஏன் ஊருக்குத் திரும்பி வருகிறாள் என்பது அவனுக்கே தெரியவில்லை. குரல் அப்படி, நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. அருமையான பையன். டைட்டில் கார்டில் பெயர் வராமலே போய்ச் சேர்ந்தான்.

கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. முழுதாக எழுதினால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யலாம், சென்னையில் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகியும் பதியலாம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று பாருங்கள். குறிப்பிடாமல் விட்டால் சட்டப்படி ஐந்து வருடம்தான்.

நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குங்கள், உடம்பு முக்கியம். எழுந்ததும் ஒரு காட்சி எழுதுங்கள். ‘அவள் மனம் கலங்கினாள்’ என்று எழுதாதீர்கள், கேமராவுக்கு அது தெரியாது. கலங்கியவள் கையில் இருந்த பஸ் டிக்கெட்டை என்ன செய்தாள் என்று எழுதுங்கள். இடைவேளை வரை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன். போனில் கதை சொல்ல மட்டும் கூப்பிடாதீர்கள், வைத்துவிடுவேன்.