தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார், காப்பீட்டு அட்டையும் இல்லை: பதில்

சகோ, திருத்துறைப்பூண்டியில் இருக்கும் தம்பிக்குத் தனியார் டாக்டர் எழுதிய மனநல மாத்திரை கட்டுப்படியாகாமல் நின்றுபோனது, காப்பீட்டு அட்டையும் இல்லை என்கிறீர்கள். அட்டையை விடுங்கள், அரசு மருத்துவமனையில் புறநோயாளியாகப் பார்க்க அது தேவையே இல்லை. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை அலைவதற்கு முன்னால், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் 'மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்?' என்று கேளுங்கள். அந்தக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கு முறை வைத்து வரும், மாத்திரையும் இலவசம். பழைய சீட்டு, காலி மாத்திரை அட்டை இரண்டையும் எடுத்துப்போங்கள். பெயர் தெரிந்தால்தான் அதே மருந்தோ, கையிருப்பில் உள்ள மாற்றோ தர முடியும்.

'எனக்கென்ன பைத்தியமா' என்று அவர் மல்லுக்கு நிற்பதுதான் பெரிய பாடு. தூக்கம் வரவில்லை என்று அவரே சொல்கிறாரே, அதற்காகப் போவோம் என்று கூப்பிட்டுப் பாருங்கள். அதுவரை 14416-க்குப் போன் போடுங்கள், அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். காசில்லை, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்கு அம்மா போகணும் என்றால் தாராளமாகப் போகட்டும், மாத்திரையை மட்டும் விடவேண்டாம். அப்புறம், செத்துப்போகிறேன் என்கிற மாதிரி பேச்சு வந்தால் கிழமை பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.