ஸ்லைடர் வாங்குமுன் போல்ட்டைப் பாருங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் அதிகமானவை, பைக் விழுந்தால் அடி வாங்கிக்கொள்ளும் பாதுகாப்புச் சாமான்கள் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன். ஸ்லைடர் என்பது பைக்கின் இரு பக்கமும் நீள போல்ட்டில் பூட்டும் குமிழ்.

செகண்ட் ஹாண்டில் யமஹா ஆர்15 பைக் ஒன்று எடுத்தேன். ஃபெயரிங் (பக்க பிளாஸ்டிக் மூடி) உடைந்தால் புதிது வாங்கக் கட்டாது. ஸ்லைடரா, இரும்புக் க்ராஷ் பாரா? — உப்புவெளி

ஸ்லைடர். நின்ற இடத்தில் சாய்வதற்கு இரும்பு பார் நல்ல காவல்தான். ஓடும்போது விழுந்தால் பைக் வழுக்கிப் போக வேண்டும். நிலாவெளி வீதியின் ஓரக் குழியிலோ மதகிலோ பார் கொழுவினால் பைக் புரண்டுவிடும். பிறகு ஷெசிக்குத்தான் சேதம். நைலோன் அல்லது டெல்ரின் என்ற கடின பிளாஸ்டிக் குமிழ் உள்ளதாக எடுங்கள். அது தேய்ந்துகொண்டே வழுக்கும். குமிழ் ஃபெயரிங்கை விடக் கொஞ்சம் வெளியே நின்றால் போதும். நீளம் கூடினால் நெம்புகோல் போல வேலை செய்து, எஞ்சினைத் தாங்கும் இடத்தையே வெடிக்க வைக்கும்.

'எல்லா பைக்குக்கும் பொருந்தும்' என்று ஒன்லைனில் ஒரு செட் மலிவாகப் போகிறது. எடுக்கலாமா? — கிண்ணியா

வேண்டாம்.

டெல்ரின் என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டு வாசலில் நின்ற பைக் சாய்ந்ததற்கே போல்ட் வளைந்துவிட்டது. "விழுந்தால் வளையத்தானே செய்யும்" என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. — பாலையூற்று

உங்கள் கோபம் நியாயமானது. வேகத்தில் விழுந்து போல்ட் வளைந்திருந்தால் நானும் குறை சொல்ல மாட்டேன். ஷெசி உடைவதற்குப் பதிலாக அது வளைவது நல்லதே. நின்ற பைக் சாய்ந்ததற்கே வளைந்தால் அது மட்டமான இரும்பு.

இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறாது. எல்லாரும் குமிழின் நிறத்தைப் பார்க்கிறார்கள், போல்ட்டை யாரும் கையில் எடுப்பதில்லை. ஸ்லைடர் போடும்போது எஞ்சினை ஷெசியோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, இந்த நீள போல்ட்டைத்தான் அங்கே போடுகிறோம். அதன் தலையில் 8.8, 10.9 போன்ற எண் அடித்திருக்கும். அதுதான் உரத்தின் அளவு. கழற்றிய போல்ட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள், திருகுப் புரியும் அதே அளவாக இருக்க வேண்டும். எண்ணே இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். போல்ட்டின் தலை குமிழுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேலாக இருந்தால் குமிழ் கொஞ்சம் தேய்ந்ததுமே இரும்பு தாரில் உரசும். எங்கள் கடற்காற்றில் பூச்சில்லாத போல்ட் துருவேறி இறுகியும் போகும். நானும் ஒருமுறை சிவப்பு அலுமினியக் குமிழ் ஒரு சோடிக்கு நல்ல காசு கொடுத்தேன். அலுமினியம் தாரைக் கடித்துப் பிடிக்கும், வழுக்காது. அதைக் கழற்றி எறிந்தேன்.

சரி, உங்கள் காசு. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பில் இல்லாவிட்டாலும் கடைக்காரரோடு பேசிய வட்ஸ்அப், வங்கியில் காசு அனுப்பிய பதிவு, வளைந்த போல்ட்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்து அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கராஜில் அரை மணித்தியாலத்தில் ஸ்லைடர் பூட்டித் தந்தார்கள். இப்போது வேகம் கூட்டினால் பைக் நடுங்குகிறது. பழகிவிடுமா? — மூதூர்

எஞ்சின் போல்ட் தளர்ந்திருக்கலாம். இது எப்படிப் பழகும்? பூட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? எஞ்சினுக்குக் கீழே ஜாக் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு போல்ட் மட்டும் கழற்றி, கம்பனி சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) இறுக்க வேண்டும். டோர்க் ரென்ச் இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சரிசெய்யும் வரை பைக்கை எடுக்க வேண்டாம். சரிசெய்த பிறகும் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

ஸ்லைடர் இருக்கும்போது எஞ்சின் கவருக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டுமா? — சீனக்குடா

காசு இருந்தால் போடுங்கள். கிளட்ச் பக்கக் கவர் வெடித்தால் எண்ணெய் பின் டயரில் படும், வீதியிலும் கொட்டும். பின்னால் வருபவரும் விழுவார். பல பந்தயங்களில் பைக்குகளுக்கு இரண்டாவது கவர் கட்டாயம் என்பது அதனால்தான்.

ஸ்லைடர், ஹாண்டில் முனைக் குமிழ், லிவர் காவல் எல்லாம் போட்டாயிற்று. அடுத்து என்ன வாங்கலாம்? ஹெல்மெட் அண்ணாவுடைய பழையது, நாடாப் பூட்டு மட்டும் உடைந்திருக்கிறது. — சாம்பல்தீவு

தம்பி, கோட்டையடியில் மான் குறுக்கே வரும், இரவில் வீதியில் மாடு படுத்திருக்கும். பூட்டு உடைந்த ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று பறக்கும். இதைத்தான் நீங்கள் முதலில் வாங்கியிருக்க வேண்டும். எஸ்எல்எஸ் 517 என்ற இலங்கைத் தர முத்திரை உள்ளதாக, தலையில் போட்டு ஆட்டினால் நகராத அளவில் புதிது எடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும் வரை பஸ்ஸில் போங்கள்.