டிகிரியில் மார்க் குறைவு, எம்பிஏ கிடைக்குமா?

கேள்வி: இன்ஜினியரிங்கில் முதல் இரண்டு வருடம் நிறைய அரியர், மொத்த மார்க்கும் சுமார்தான். இப்போது நான்கு வருட வேலை அனுபவம் இருக்கிறது. நல்ல பிசினஸ் ஸ்கூலில் எடுத்துக்கொள்வார்களா?

பதில்: தாராளமாக முயற்சி செய்யுங்கள். பழைய மார்க்கை மாற்ற முடியாது, சரி. ஆனால் தேர்வுக் குழுவுக்கு இருக்கும் பெரிய சந்தேகம், இவர் பாடச்சுமையை, முக்கியமாகக் கணக்கைத் தாங்குவாரா என்பதுதான். அதற்கு நீங்கள் தரும் முதல் பதில், எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட். இப்போது மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை, மூன்று பகுதிகள். உங்கள் விஷயத்தில் கணிதப் பகுதியை உற்றுப் பார்ப்பார்கள் என்பதால் உழைப்பில் பாதியை அங்கேயே போடுங்கள். 12 மாதத்தில் 5 முறை வரை எழுதலாம், ஒருமுறை சறுக்கினால் பதற வேண்டாம். கூடவே புள்ளியியலிலோ அக்கவுண்டிங்கிலோ கிரேடு தரும் ஒரு கோர்ஸை முடித்துவிடுங்கள். சும்மா சான்றிதழ் மட்டும் போதாது.

அப்புறம், விண்ணப்பத்தில் விரும்பினால் எழுதலாம் என்று விடும் அந்த விருப்பக் கட்டுரை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். "வீட்டில் கஷ்டம், இரவு வேலைக்குப் போனேன், மூன்றாம் வருடத்திலிருந்து ஒரு அரியர்கூட இல்லை" என்று நடந்ததை நாலு வரியில் சொல்லி நிறுத்துங்கள், பேராசிரியர் மேல் பழி போட்டு ஒரு பக்கம் எழுதிவிடாதீர்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடி அலையாமல், நீங்கள் எண்களோடு மல்லுக்கட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்த மேலாளரிடமே கேளுங்கள்.