பட்டாணி கடைசியில் விழட்டும்!
வாசகர் கேள்வி – பதில்: இளங்காய் சூப்

தை பிறந்தால் பச்சைப் பட்டாணி சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும் என்றாலும், சூப்புக்கான இளங்காய் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காய்கறி சூப் பற்றியவையே.

வீட்டில் சூப் வைத்தால் காய் வெந்த தண்ணீர் மாதிரியே இருக்கிறது. சோளமாவு போட்டால் பசை மாதிரி ஆகிறது. நான்கு பேருக்குச் சரியான அளவு சொல்ல முடியுமா? – வாசகி, கோவை

பச்சைத் தண்ணீரில் காயைப் போட்டு, குக்கரில் இரண்டு விசில் விட்டு இறக்கினால் வேறெப்படி இருக்கும்? ருசி முதலில் தண்ணீரில் ஏற வேண்டும். அதற்கு வேண்டிய சாமான், நீங்கள் குப்பையில் போடும் பட்டாணித் தோல்தான்.

அரை கிலோ பட்டாணிக்காய் வாங்கி நன்றாகக் கழுவிவிட்டு உரியுங்கள். பருப்பு சுமார் 200 கிராம் கிடைக்கும். பூச்சி, கரும்புள்ளி இல்லாத தோல்களாகப் பொறுக்கி, கேரட்டின் தலை, கொத்தமல்லித் தண்டு, வெங்காயத்தாளின் முற்றிய நுனி, ஆறு மிளகு ஆகியவற்றோடு 1¼ லிட்டர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 20 நிமிடம் வையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் குமிழ் வந்தால் போதும். அரை மணிக்கு மேல் விட்டால் வைக்கோல் வாசம் ஏறும். வடிகட்டினால் ஒரு லிட்டர் சாறு தேறும், அதிலேயே லேசான இனிப்பு தெரியும்.

இனி சூப். அடிகனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். உருகியதும் நான்கு வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, மெல்லியதாக நறுக்கிய இரண்டு பல் பூண்டு, ஒரு சிட்டிகை உப்பு. சிறு தீயில் நான்கு நிமிடம். வெங்காயம் கண்ணாடி போல் ஆனால் போதும். பூண்டு சிவந்தால் கசப்பு இறங்கி, பட்டாணியின் இனிப்பை அமுக்கிவிடும். அடுத்து அரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய கேரட் 100 கிராம், ஒரு சென்டிமீட்டர் சதுரமாக உருளைக்கிழங்கு 100 கிராம். இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, சூடான சாறு முழுவதையும் ஊற்றி, முக்கால் தேக்கரண்டி உப்பு போடுங்கள்.

கொதி வந்ததிலிருந்து ஆறு நிமிடம் கழித்து, பொடியாக நறுக்கிய பீன்ஸ் 75 கிராமும் சிறு பூவாகப் பிரித்த காலிஃபிளவர் 100 கிராமும். அதற்குப் பின் நான்கு நிமிடம் கழித்து பட்டாணி. பட்டாணி விழுந்ததும் மூன்றே நிமிடம், அடுப்பை அணைத்துவிடலாம். கேரட் 13 நிமிடம், பீன்ஸ் 7, பட்டாணி 3. இந்தக் கணக்கு பிசகினால்தான் ஒரு காய் குழைந்து இன்னொன்று கடிபடும்.

சோளமாவு வேண்டாம். வெந்த உருளைக்கிழங்கில் ஏழெட்டுத் துண்டைக் கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கி, ஒரு கலக்கு கலக்கினால் சூப் தானாக உடம்பு பிடித்துக்கொள்ளும். வெங்காயத்தாளின் பச்சை, அரைத் தேக்கரண்டி தட்டிய மிளகு தூவி, உப்பு பாருங்கள். எலுமிச்சை வேண்டுமென்றால் கிண்ணத்தில் பிழியுங்கள்.

பீன்ஸும் பட்டாணியும் சூப்பில் போட்டதும் பளிச்சென்று இருக்கின்றன. பரிமாறும்போது பாசி நிறம். சமையல் சோடா போடலாமா? – வாசகி, மதுரை

போடாதீர்கள். சோடா நிறத்தைக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் காயின் கட்டு விட்டு, தோல் கழன்று கொழகொழவென்று ஆகும். வைட்டமின் சி-யும் கெடும். நாக்கில் சவுக்கார ருசி நிற்கும்.

பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூட்டில் காயின் செல்கள் உடைந்து அவற்றிலுள்ள அமிலம் வெளியே வரும்போது, அந்த மெக்னீசியம் கழன்று போகிறது. பிறகு மிஞ்சுவது நீங்கள் சொல்லும் பாசி நிறம். ஐந்து நிமிடம் வரை அவ்வளவாகத் தெரியாது. ஏழு, எட்டைத் தாண்டினால் கண்ணெதிரே மங்கும். பட்டாணி போட்டதும் மூடி போடாதீர்கள். ஆவியாகப் போக வேண்டிய அமிலம் மூடியில் பட்டுத் திரும்பப் பாத்திரத்திலேயே சொட்டும். எலுமிச்சையும் தக்காளியும் கொதிக்கும்போது சேர்வது இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும்.

இன்னொன்று: அடுப்பை அணைத்த பிறகும் சூப்பின் சூடு காயை வேகவைத்துக்கொண்டேதான் இருக்கும். விருந்தாளி வர அரை மணி ஆகும் என்றால், பட்டாணியைத் தவிர மற்றதையெல்லாம் முடித்து வைத்துக்கொண்டு, அவர்கள் செருப்பைக் கழற்றும்போது பட்டாணியைப் போடுங்கள்.

தக்காளியைக் கேரட்டோடு சேர்த்து வதக்கி சூப் வைத்தேன். அரை மணி ஆகியும் கேரட் வேகவில்லை. கேரட் முற்றலா? – வாசகர், தஞ்சாவூர்

கேரட் மேல் பழி இல்லை. காயின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. சாம்பாரில் காய் வெந்த பிறகுதானே புளி கரைத்து ஊற்றுகிறோம்? அதே நியாயம். கேரட், உருளை, பீன்ஸ் வெந்தபின் தக்காளியைச் சேருங்கள். தக்காளி சேர்த்த சூப்பில் பால் ஊற்றினால் திரியும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

உரித்த பட்டாணி கிலோ கணக்கில் கிடைக்கிறது. அதை வாங்கினால் வேலை மிச்சம்தானே? – வாசகி, சென்னை

வேலை மிச்சம், ருசி நஷ்டம். பட்டாணியைப் பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. வெளியில் வைத்தால் வேகமாக, குளிரில் மெதுவாக. அதனால் காயாக வாங்கி, அன்றோ மறுநாளோ சமைப்பதுதான் நல்லது.

வாங்கும்போது கைப்பிடி காயை எடுத்து உரசிப் பாருங்கள், இளங்காய் கிறீச்சிடும். தோல் பளபளப்பாக, காம்பு பச்சையாக இருக்க வேண்டும். வெளுத்து வலைவலையாகத் தெரிந்தால் முற்றல். காய் புடைத்து வெடிக்கிற மாதிரி இருப்பதும் சூப்புக்கு ஆகாது. உள்ளே பருப்பு ஒன்றையொன்று நெருக்கிச் சதுரமாகியிருக்கும். அதைக் குருமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உரித்து விற்பதில் இன்னொரு சங்கடம், காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயமேற்றி விற்பதும் நடக்கிறது. கொஞ்சம் பட்டாணியைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அரை மணி வையுங்கள். தண்ணீர் பச்சையானால் கொட்டிவிடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் வீட்டுச் சோதனையாக இதைத்தான் சொல்கிறது. பட்டாணி வரத்து இல்லாத மாதங்களில் உறைபட்டாணி தாராளமாகப் பயன்படுத்தலாம். அது ஏற்கெனவே வெந்நீரில் ஒரு முக்கு முக்கியது. உருக வைக்காமல் அப்படியே போட்டு, இரண்டு நிமிடம் போதும்.

க்ரீம் சூப்புக்காக எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தேன். ஃபெவிகால் மாதிரி இழுக்கிறது. தவிர, மூடி தெறித்துக் கையில் பட்டது. – வாசகி, சேலம்

இழுத்ததற்குக் காரணம் உருளைக்கிழங்கு. வேகமாகச் சுழலும் பிளேடு செல்களைக் கிழித்து மாவை எல்லாம் வெளியே கொட்டிவிடும், பிறகு அதை மீட்க வழி இல்லை. மிக்ஸியில் அடிக்கப் போகிற சூப்பில் உருளை போடாதீர்கள். போட்டாலும் தனியே எடுத்து மத்தால் மசித்துச் சேருங்கள்.

மூடி தெறித்தது கொதிக்கக் கொதிக்க அடித்ததால். சுழன்ற மாத்திரத்தில் சூடான நீர் ஆவியாகிக் கிளம்பும், ஜாரில் அதற்கு இடம் இல்லை. காயை வடிகட்டி எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு, ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு ஓட்டுங்கள்.

நாலு பேருக்குப் பட்டாணி க்ரீம் சூப் என்றால்: பட்டாணி 300 கிராம், வதக்கிய வெங்காயத்தாள், தோல் சாறு 700 மில்லி. பட்டாணியை நாலு நிமிடம் வேகவைத்து ஆறவிட்டு, அரைத்து, வடிகட்டியில் கரண்டியால் அழுத்தி வடியுங்கள். தோல் மேலே நின்றுவிடும். சுடவைக்கும்போது 100 மில்லி காய்ச்சிய பாலை இளஞ்சூட்டில் ஊற்றி, கொதி வருமுன் இறக்குங்கள். ஐந்தாறு புதினா இலையைக் கிள்ளிப் போட்டால் வாசம் தூக்கும்.

சோளமாவு சூப் முதலில் கெட்டியாக இருந்து, சாப்பிடும்போது நீர்த்துவிடுகிறதே, ஏன்? – வாசகர், திருச்சி

ருசி பார்த்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விட்டீர்களா? எச்சிலில் உள்ள நொதி மாவைச் சர்க்கரையாக உடைத்துவிடும், அதுவும் வெதுவெதுப்பான சூட்டில் வெகு வேகமாக. சாப்பிடும் கிண்ணத்தில் கடைசி நாலு கரண்டி நீர்த்துப் போவதும் இதனால்தான். எலுமிச்சை போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் நீர்க்கும். ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு, கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சூப் கொதிக்கும்போது கிளறிக்கொண்டே ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். எலுமிச்சை அதற்கும் பிறகு.

இங்கே மே மாதத்தில்தான் இளங்காய் வருகிறது. அஸ்பாரகஸ், லீக்ஸ், ஜெர்சி உருளைக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். உங்கள் முறை இவற்றுக்குச் சரிவருமா? – வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

வரும், மூன்று இடத்தில் கை மாற்ற வேண்டும்.

இங்கிலாந்தில் அஸ்பாரகஸ் பருவம் ஏப்ரல் 23-இல் தொடங்கி ஜூன் கடைசி வாரத்துக்குள் முடிவதாக வழக்கம். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் ஒன்றுவிட்ட சொந்தம் அது. நாம் வேரைத் தோண்டுகிறோம், அவர்கள் குருத்தை ஒடிக்கிறார்கள். தண்டின் அடியைப் பிடித்து வளைத்தால் நார் முடியும் இடத்துக்கு அருகில் ஒடியும். அடித்துண்டு சாறுக்கு, நடுப்பகுதி பீன்ஸ் போடும் நேரத்துக்கு, நுனி பட்டாணிக்கும் ஒரு நிமிடம் பிந்தி.

லீக்ஸை முழுசாகக் கழுவிப் பயனில்லை. மடிப்புக்கு மடிப்பு மண் இருக்கும். நெடுக்காகப் பிளந்து, வேர்ப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, குழாயடியில் இதழ் இதழாக விரித்துக் கழுவுங்கள். வெங்காயத்தாளுக்குப் பதிலாக ஒரு நடுத்தர லீக்ஸ் போதும். எட்டு நிமிடமாவது சிறு தீயில் வதங்க வேண்டும், இல்லாவிட்டால் சூப்பில் சவசவவென்று கடிபடும். கரும்பச்சை மேல்பகுதி சாறுக்கு.

ஜெர்சி உருளைதான் உங்களைக் கவிழ்க்கப் போகிறது. புதுக்கிழங்கு என்பதால் மாவு குறைவு, எவ்வளவு நசுக்கினாலும் சூப் கெட்டியாகாது. அதைத் தோலோடு துண்டாக்கிக் கடித்துச் சாப்பிடப் போடுங்கள். கெட்டிப்பதற்கு மாரிஸ் பைப்பர் மாதிரி மாவுள்ள கிழங்கு ஒன்று, பாதியளவு, தனியாக.

மிஞ்சிய சூப்பை மறுநாள் வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், புதுச்சேரி

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏறிவிட்டால் மறுநாள் வரை நன்றாக இருக்கும். நிறம் போயிருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வேண்டிய அளவை மட்டும் கொதிக்கவைத்து, ஒரு கைப்பிடி புதுப் பட்டாணியைப் போட்டு மூன்று நிமிடத்தில் இறக்கினால், நேற்றைய சூப் என்று சொன்னாலொழியத் தெரியாது.