மண்ணைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா,

சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், மேற்படிப்புக்கு ஜியோடெக்னிக்கல், அதாவது மண் பொறியியல்தான் வேண்டும் என்கிறாள். மண்ணைப் படித்து என்ன ஆகப்போகிறது என்பது உங்கள் கவலை. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் விவசாயம் பார்ப்பவர் நீங்கள். அதனால் உங்கள் காட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மழையில் காலோடு அப்பிக்கொண்டு வருகிற அதே மண், சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் ரோடு போட்டால் நடுப்பகுதி ஓரளவு ஒரே ஈரத்தில் இருக்கும். ஓரங்கள்தான் மாறி மாறி நனைந்து காயும். ரோட்டோரமாக நீளவாக்கில் வெடிப்பு ஓடுவது பெரும்பாலும் இதனால்தான். மேலே திரும்பத் திரும்பத் தார் போட்டு இதைத் தீர்க்க முடியாது. சுண்ணாம்பு கலக்கலாமா, கரிசலை வெட்டியெடுத்துவிட்டு கிராவல் நிரப்பலாமா, ஓரத்துத் தண்ணீரை எப்படி வடிப்பது என்று மண்ணைச் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் உங்கள் மகள் ஆக நினைக்கிறாள்.

வேலை எங்கே? மண் பரிசோதனைக் கூடங்கள், சாலை வடிவமைப்பு நிறுவனங்கள், ஒப்பந்ததாரர்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. டிஎன்பிஎஸ்சி எழுதினால் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர். பி.இ. மட்டும் முடித்துப் போனால் தொடக்கச் சம்பளம் குறைவுதான், வெயிலிலும் நிற்க வேண்டும். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வடிவமைப்பு வேலைக்கு எம்.இ. பெரிதும் உதவும். அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களுக்கு கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் கைகொடுக்கும். அந்தத் தேர்வுக்கான படிப்பை இப்போதே தொடங்கட்டும்.

அப்புறம், இறுதியாண்டு ப்ராஜெக்டை யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். உங்கள் காட்டு மண்ணையே எடுத்துச் செய்யட்டும். உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் எடுத்துத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராம் எடுத்து மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. இரண்டிலும் மண்ணின் கன அளவில் உள்ள வித்தியாசம்தான் அது எவ்வளவு உப்பும் என்பதைக் காட்டும். பிறகு சுண்ணாம்பை 2, 4, 6 சதவீதம் என்று கலந்து, 4 நாள் ஊறவைத்து, ரோட்டுக்கு அடியில் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் சிபிஆர் சோதனை செய்யலாம். இதைத் தன் கையால் செய்த பிள்ளை, நேர்காணலில் எந்தக் கேள்விக்கும் தடுமாறாது.

மண் எடுக்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். வேரும் சருகும் கிடக்கும் மேல்மண்ணை விலக்கிவிட்டு, அரை மீட்டருக்குக் கீழிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.